சலங்கைக்கு வேலி இல்லை



பைராம் தோட்டத்திலோ பினாங்குப் பட்டணத்திலோ ஒரு சிறுமி சலங்கை கட்டினால், "நமக்கு எதற்கம்மா பணக்காரர் கலை?" என்பார்கள் சிலர். பையன் கட்டினாலோ கேலி வேறு! இவர்களுக்கு நான் சொல்லும் பதில், நான் போற்றும் இரு கலைஞர்களின் கதைதான்.

ரஷ்ய நாட்டு பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர் ருக்மிணி தேவி. பாலேயும் கற்றார். "உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள்" என்று வழிகாட்டியவரே பாவ்லோவாதான். அன்று சதிராட்டம் தேவதாசிகளின் ஆட்டம் என்று இழிவாகப் பேசப்பட்டது. ருக்மிணி தேவி கூசவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935இல் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். சிருங்காரத்தை அவர் குறைத்தது எனக்கு உடன்பாடில்லை. அதில் நான் பாலசரஸ்வதி கட்சி. ஆனாலும் அவர் துணிவுக்குத் தலைவணங்குகிறேன்.

அந்தக் கலாக்ஷேத்திராவில் பயின்றவர் அடையார் லட்சுமணன். அவரிடம் பரதம் கற்றவர் நம் நாட்டு மலாய்க்காரர் ரம்லி இப்ராஹிம். இவரும் பாலே ஆடியவரே. ஒடிசியும் கற்று, 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நாட்டியக் குழுவை அமைத்தார். 2018இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

பந்தநல்லூர் ஒரு கிராமம். அந்த மண்ணின் கலையை ஒரு மலாய்க்காரர் தலைநிமிர்ந்து ஆடுகிறார். நம் பிள்ளைகள் ஏன் தயங்க வேண்டும்? மகள் வயதுக்கு வந்ததும் சலங்கையைக் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள். மகன் கேட்டாலும் மறுக்காதீர்கள்.