பருத்தி விளைவித்தவரைப் பழிப்பது நியாயமா?

ஏழை நாடுகளின் கிராமங்கள் முன்னேறாமைக்கு அங்குள்ள குடியானவர்களின் அறியாமையும் சோம்பலுமே காரணம் என்று வாதிக்கும் அன்பர்கள், மாலி, புர்கினா ஃபாஸோ, பெனின், சாட் ஆகிய ஆப்பிரிக்க தேசங்களின் பருத்தி விவசாயிகளைச் சற்றேனும் எண்ணிப் பார்த்தார்களா? வானத்து மழையை மட்டுமே நம்பி, குடும்பத்தோடு உழைத்து, பஞ்சைக் கையாலேயே பறித்தெடுக்கும் அந்த ஜனங்கள், உலகில் மிகக் குறைந்த செலவில் பருத்தி விளைவிப்போரின் வரிசையில் நிற்பவர்கள். அத்தகையோரை நஷ்டத்தில் ஆழ்த்தியதில் பெரும்பங்கு, சுமார் 25,000 பேரே உள்ள தன் பருத்தி விவசாயிகளுக்கு 2001-02ஆம் ஆண்டில் ஏறக்குறைய 300 கோடி டாலர் மானியம் அளித்து, உலகச் சந்தையில் விலையை வீழ்த்திய அமெரிக்க சர்க்காரைச் சாரும். 2003இல் அந்நான்கு தேசங்களும் உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டன. அதே மானியத்தை எதிர்த்து வழக்காட வல்லமை படைத்த பிரேசில் 2014இல் அமெரிக்காவிடமிருந்து சமரசமாக 30 கோடி டாலர் பெற்றது. ஆப்பிரிக்கக் குடியானவன் இழந்த விலையோ ஈடுசெய்யப்படவேயில்லை. கடற்கரையற்ற மாலிக்குத் துறைமுகம் வரையிலான சுமைகூலியும் பெரும் பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. நல்ல சாலையும் கடன் வசதியும் அவசியமே. ஆயினும் நியாய விலையைப் பறித்துக்கொண்டு உழைப்பாளிக்கு உழைப்பை உபதேசிப்பதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.