முன்னாள் வீரர்களின் கல்லீரலைக் காப்பது யார் பொறுப்பு?

ஹெபடைட்டிஸ் சி நோயை எதிர்கொள்வதில் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை நல்ல முன்னுதாரணம். 2014 வாக்கில் புதிய மாத்திரைகள் வந்ததும், சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அது குணப்படுத்தியது. நோயாளி தானாக வரட்டும் என்று காத்திராமல், மருத்துவப் பதிவேடுகளை அலசி ஆளைத் தேடிப்போய்ச் சிகிச்சை அளித்தது. அதே முனைப்பு இப்போது கல்லீரல் கொழுப்பு நோய்க்கும் தேவை. வைரஸ் பின்வாங்கும் இடத்தில், உடல்பருமனும் சர்க்கரை நோயும் வளர்க்கும் இந்தக் கொழுப்பு கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகி வருகிறது.

இதற்கான சான்று அத்துறையின் மருத்துவமனைகளிலிருந்தே கிடைத்தது. அங்கு சிகிச்சை பெற்ற சுமார் 2.97 லட்சம் கல்லீரல் கொழுப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, அந்நோய் இல்லாதவர்களைவிட இவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் 7 மடங்குக்கும் அதிகம் என்றது. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நிலையை எட்டியவர்களில், ஆண்டுக்கு 1,000 பேரில் 10 பேருக்கும் மேற்பட்டோர் புற்றுநோய்க்கு ஆளாகினர். சிரோசிஸ் இல்லாதவர்களிடம் இந்த விகிதம் மிக மிகக் குறைவு.

ஆகவே, கொழுப்பு படிந்த எல்லோரையும் ஸ்கேன் செய்யச் சொல்வது வீண்செலவு. யாருக்குத் தழும்பு ஏறியிருக்கிறது என்று கண்டறிவதே முதல் வேலை. வயது, இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கும் இருந்தால் 'ஃபிப்-4' என்ற கணக்கைப் போட்டுவிடலாம். பெரும்பாலும் இவை நோயாளியின் பதிவேட்டிலேயே இருக்கும். சர்க்கரை நோயும் உடல்பருமனும் உள்ள ஒவ்வொரு முன்னாள் வீரருக்கும் கணினியே இதைக் கணக்கிட்டு மருத்துவரை எச்சரிக்க வேண்டும். ஐயமிருப்போருக்குக் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன். சிரோசிஸ் உறுதியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். இது கட்டாய நடைமுறையாக வேண்டும்.

இந்த வலையிலும் ஓட்டை உண்டு. முதியவர்களிடம் ஃபிப்-4 பொய் எச்சரிக்கை தரலாம். பருத்த உடலில் அல்ட்ராசவுண்ட் தெளிவாகத் தெரியாது. அதே ஆய்வில், புற்றுநோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சிரோசிஸ் இருந்ததற்கான அடையாளமே இல்லை. இவை கண்காணிப்பைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. எடைக் குறைப்பையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் அதனுடன் சேர்ப்பதற்கான காரணங்கள். உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் தழும்பேகூடத் தணிய வாய்ப்புண்டு. சிரோசிஸை எட்டாத, தழும்பேறிய நிலைக்கான முதல் மருந்துக்கும் 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

'வாயைக் கட்டாதவர் நோய்க்கு அரசு என்ன செய்யும்?' என்ற கேள்வி எழும். முழங்கால் காயத்தோடு நடக்கத் திணறுபவரிடமும், போர் தந்த மனவடுவுக்காக எடை கூட்டும் மருந்தை விழுங்குபவரிடமும் அப்படிக் கேட்பது நியாயமல்ல. அமெரிக்காவின் லெஜூன் ராணுவ முகாமில் மாசுபட்ட நீரைக் குடித்த வீரர்களின் கல்லீரல் புற்றுநோயை, 2017-இல் பணியால் வந்ததாகவே கருத அரசு முடிவு செய்தது. இழப்பீடு வழங்கக் காரணத்தைத் துருவலாம். புற்றுநோயைத் தடுக்க அந்த விசாரணை எதற்கு?

கணக்குப் போடச் செலவில்லை. ஸ்கேன் கருவிகளுக்கும் ஊழியர்களுக்கும் நிதி வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஒதுக்க வேண்டும். எத்தனை பேருக்குக் கணக்கிடப்பட்டது, எத்தனை பேர் தவணை தவறாமல் ஸ்கேன் செய்துகொண்டனர் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.