மீசைக்கு ஏதப்பா சாதி?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"மீசை வைத்தவன்தான் ஆம்பளை" என்று முறுக்கு மீசைப் படத்தோடு ஒரு தம்பி பதிவு போட்டிருந்தார். கீழே ஏகப்பட்ட பாராட்டு. வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா?

தம்பி, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் மூலவருக்கு மீசை உண்டு. ஊர் எல்லையில் இருக்கும் அய்யனாருக்கும் உண்டு. ஆனால் வில்லெடுத்த ராமனையும் வேலெடுத்த முருகனையும் மீசையில்லாமல்தானே கும்பிடுகிறோம்? அவர்களுக்கு வீரம் குறைச்சலா?

அடுத்து, நம்மை ஆண்ட வெள்ளைக்காரனைப் பாருங்கள். கிரிமியப் போரையொட்டி 1854-இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் மீசைக்குப் பரவலாக அனுமதி கிடைத்தது. பிறகு மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று விதி வந்தது. முதல் உலகப் போரின் நடுவில், 1916-இல், அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் மழித்த முகத்தோடு போருக்குப் போனவனும் சிப்பாய்தான். மாறியது உத்தரவு மட்டுமே.

சாப்ளின் ஒட்டிக்கொண்டதும் ஹிட்லர் வளர்த்ததும் ஒரே மாதிரி மீசை. ஒருவர் உலகத்தைச் சிரிக்க வைத்தார், இன்னொருவர் அழ வைத்தார். குணம் மயிரில் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. 2017-இல் குஜராத்தில், காந்திநகர் அருகே லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. பதிலுக்கு அந்த மாநிலத் தலித் இளைஞர்கள் பலர் முறுக்கு மீசைப் படத்தைத் தங்கள் வாட்ஸ்அப் முகப்பில் வைத்தார்கள். எவ்வளவு அழகான பதிலடி! கல்லெடுக்கவில்லை, கத்தியெடுக்கவில்லை.

குஜராத்தைச் சொல்லிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது. நம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டியிருந்ததை நாம் பார்க்கவில்லையா? கயிற்றுக்கு நிறம் பார்க்கிறவன் நாளை மீசைக்கும் அளவு பார்ப்பான். "நான் முறுக்கலாம், நீ முறுக்கக் கூடாது" என்று ஒருவன் சொல்லும்போது அங்கே பேசுவது வீரமல்ல, பயம். எதிரில் இருப்பவன் தலைநிமிர்ந்துவிடுவானோ என்கிற பயம்.

மீசையில் மண் ஒட்டவில்லை என்று வீம்பு பேசியது போதும். மண் ஒட்டியிருப்பது மனதில்.

மீசை வைக்க ஆசையா, தாராளமாக வையுங்கள். ஈரத்தில் வெட்டாதீர்கள், ஈரமயிர் நீண்டு தெரியும், காய்ந்ததும் குட்டையாகிவிடும். உலர்ந்தபின் சீவி, சின்னக் கத்தரியால் நுனியை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். சாப்பிட்டபின் மறக்காமல் கழுவுங்கள். பிடிக்கவில்லையா, மழித்துவிடுங்கள். ஆம்பளைத்தனம் ஒன்றும் குறையாது.

ஆனால் அடுத்தவன் மீசையில் கைவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அவன் முகம், அவன் மீசை.

வீட்டில் மீசை அரும்பும் பையன் இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.