அது கோழிதானே?

போன வருடக் கடைசியில், மூன்று நாட்களுக்குள் எங்கள் வீட்டுப் பெண்டம் கோழிகள் ஏழும் செத்துப் போயின. நான்காம் நாள் வீங்கிய கண்களோடு வகுப்புக்குப் போனேன். காரணம் கேட்ட தோழிகள் சிரித்தார்கள். "கோழிக்கா அழுதாய்? நேற்றும் கோழிக்கறி தின்றிருப்பாயே!" என்றாள் ஒருத்தி.

நான் கோழிக்கறி தின்பவள்தான். அதற்காக, உண்ண அனுமதிக்கப்பட்ட ஒன்றின் மீது அன்பு வைக்கக் கூடாது என்று யார் சொன்னது? அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், நுகைர் என்ற சின்னக் குருவியோடு விளையாடி வந்தார். அந்தக் குருவி இல்லாமல் போனபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அதைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்திருந்த அவர்களுக்கு ஒரு குருவியைப் பற்றிக் கேட்க நேரமிருந்தது. நமக்குச் சிரிக்க மட்டும்தான் நேரமிருக்கிறதா?

பெண்டம் கோழியை வளர்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நிறை அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அடைகாக்க உட்கார்ந்தால் பெரிய கோழிகளெல்லாம் தோற்றுவிடும். எங்கள் 'மிளகு' நாட்டுக்கோழி முட்டைகளையும் இருபத்தொரு நாள் காத்துப் பொரித்து, தன்னைவிடப் பெரிதாக வளர்ந்த பிள்ளைகளைச் செட்டைக்குள் அடக்கப் பார்ப்பாள். சேவலுக்குத் தம்பி 'மோதினார்' என்று பெயர் வைத்தான். வாப்பா கண்டித்ததால் 'கொண்டை' ஆனது. என்றாலும் சுபஹுக்கு முன் என்னைப் படிக்க எழுப்பியது அவன்தான்.

ஜாவாத் தீவிலுள்ள பந்தன் துறைமுகத்தில் கப்பற்காரர்கள் இந்தச் சிறு கோழிகளை வாங்கிச் சென்றதால்தான் 'பெண்டம்' என்ற பெயர் வந்தது. இவற்றைக் கொல்லும் ராணிக்கெட் நோயும் 1926இல் அதே ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும்தான் முதலில் இனங்காணப்பட்டதாம். இதை வாசித்தபோது மனம் என்னவோ செய்தது.

எங்கள் வீட்டுக்கு அந்த நோயைக் கொண்டு வந்தது நான்தான். சந்தையில் ஒரு வெள்ளைப் பேட்டைக் கண்டு ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கி, அன்றிரவே மற்றவற்றோடு அடைத்தேன். புதுக்கோழியை இரண்டு கிழமையாவது தனியே வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் பேடு தலையைத் தொங்கப் போட்டது. பிறகு பச்சைக் கழிச்சல், மூச்சிரைப்பு. கடைசியில் மிளகின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக் கொண்டது. அந்த நிலைக்கு மருந்து கிடையாது.

தடுப்பு மருந்து இருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆனால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடலாம். கரைத்தால் ஓரிரு மணித்தியாலங்களுக்குள் முடிக்கவும் வேண்டும். ஏழு கோழி உள்ளவர் அதை வாங்கி என்ன செய்வார்? அதனால்தான் ஒழுங்கையிலுள்ள வீடுகள் சேர்ந்து, கால்நடை வைத்தியரிடம் கேட்டு, ஒரே நாளில் போட வேண்டும் என்கிறேன். நம்மூரில் நடப்பதோ நேர்மாறு. சீக்கு வந்ததும் மிச்சக் கோழிகளை அவசரமாக விற்கிறோம். செத்ததைக் களப்போரத்தில் எறிகிறோம். நாய் இழுத்துப் போய் அடுத்த வீட்டு வாசலில் போடுகிறது. என் வெள்ளைப் பேடும் அப்படி யாரோ விற்றதாக இருக்கலாம். விற்றவரும் "கோழிதானே" என்றுதான் நினைத்திருப்பார்.

வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லாதவர் உம்மும்மா மட்டும்தான். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியை விட்டுப் படகேறி கற்பிட்டியில் வந்து இறங்கியவர் அவர். புறப்படுமுன் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, பானையிலிருந்த அரிசியை முற்றத்தில் விசிறிவிட்டு வந்தாராம். எத்தனையையோ இழந்தவர், அந்தப் பதினொரு கோழிகளின் நிறத்தை இன்றும் ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் வேலியோரம் ஆழமாகக் குழி தோண்டியபோது, சுண்ணாம்புப் பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

இப்போது கூட்டைக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறோம். ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் குப்பிக்குப் பங்கு தரச் சம்மதித்திருக்கின்றன. கோழிகளை எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நான்கு. இன்னும் சில வீடுகளில் கேட்க வேண்டும்.