22 ஆம்பியர் வயரில் 36 ஆம்பியர்

பழைய கார்களில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவது நமக்கு வழக்கமான வேலையாகிவிட்டது. மாட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. பிராக்கெட் பொருந்த வேண்டும், புல்லிகள் நேர்கோட்டில் நிற்க வேண்டும், பெல்ட்டின் இறுக்கம் சரியாக இருக்க வேண்டும். ஆனால் மாட்டிய சில மாதங்களிலேயே "சார்ஜ் ஏறவில்லை" என்று திரும்பி வரும் வண்டிகளைச் சோதித்தால், ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோளாறு அதற்குப் பின்னால் உள்ள வயரில் இருக்கிறது.

1098 சிசி மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1962 முதல் வந்த இந்த வண்டி இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடுகிறது. லூகாஸ் சி40 டைனமோ, ஆர்பி106 கட்அவுட், பாசிடிவ் எர்த். டைனமோ கொடுப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர். கேட்டதும் குறைவு என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 8 அல்லது 9 ஆம்பியர், சிறு விளக்குகளுக்கு 2, இக்னிஷனுக்கு 3 அல்லது 4, வைப்பருக்கு 3. மழை பெய்யும் இரவிலும் 18 ஆம்பியரைத் தாண்டாது. நெடுஞ்சாலையில் டைனமோ இதைத் தாராளமாகத் தாங்கும்.

தாங்காதது நகர நெரிசலில்தான். ஐடிலிங்கில் டைனமோவின் மின்னழுத்தம் கட்அவுட் மூடுவதற்குத் தேவையான 13 வோல்ட்டை எட்டுவதில்லை. வண்டி சிக்னலில் நிற்கும் நேரம் முழுவதும் விளக்கும் இக்னிஷனும் பேட்டரியைத்தான் தின்கின்றன. புல்லியைச் சிறிதாக்கி டைனமோவை வேகமாகச் சுற்றவைக்கவும் முடியாது. முழு லோடும் ஆர்மேச்சர் சுற்றுகளிலிருந்து கம்யூட்டேட்டர் வழியாக வருகிறது. அந்தக் கனமான சுற்றுகள் அதிவேகத்தில் பிய்ந்துவிடும். ஆல்டர்னேட்டரில் சுழல்வது காந்தப்புலக் காயில் மட்டுமே. அதற்குச் சில ஆம்பியர் போதும். லோடு மின்சாரம் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரிலிருந்து வருகிறது. ஆகவே அதைச் சிறு புல்லியால் வேகமாகச் சுற்றலாம். ஐடிலிங்கிலும் சார்ஜ் கிடைக்கும். சிலிக்கான் டையோடு கைக்கு எட்டும் விலைக்கு வந்ததும் கிரைஸ்லர் 1960இல் வேலியன்ட் காரில் இதைக் கொடுத்தது. ஜாகுவார் ஈ டைப்பில் 1964இன் 4.2 லிட்டர் வண்டியோடு வந்தது.

அதற்காக எல்லா வண்டிக்கும் மாற்றம் தேவை என்று நாம் சொல்லமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும், கூடுதல் விளக்கோ மின்விசிறியோ இல்லாத வண்டிக்கு நல்ல நிலையில் உள்ள டைனமோ போதும். புது பிரஷ், சுத்தமான கம்யூட்டேட்டர், பின்பக்க புஷ்ஷுக்குச் சில சொட்டு எண்ணெய், தேய்த்துச் சரிசெய்த கட்அவுட் பாயின்ட் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். எம்ஜி டிடி போன்ற வண்டிகளில் டாக்கோமீட்டரே டைனமோவின் பின்முனையிலிருந்துதான் ஓடுகிறது. சாதாரண ஆல்டர்னேட்டரை மாட்டினால் அது நின்றுபோகும். இதை வேலை தொடங்குவதற்கு முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி வயர். இவ்வகை வண்டிகளில் டைனமோவின் டி முனையிலிருந்து கட்அவுட்டுக்குப் போகும் வயரில் பொதுவாக 0.30 மில்லிமீட்டர் கம்பி 44 இழை இருக்கும். குறுக்களவு சுமார் 3 சதுர மில்லிமீட்டர். தாங்கும் அளவு 27.5 ஆம்பியர். இதில் 17 ஏசிஆர் ஆல்டர்னேட்டரின் 36 ஆம்பியரை அனுப்பினால் மீட்டருக்கு 0.2 வோல்ட் இழப்பு. கட்அவுட் போய், அங்கிருந்து சோலனாய்டுக்கும் பேட்டரிக்கும் இரண்டரை மீட்டர் ஓடினால் அரை வோல்ட் போய்விடும். கட்அவுட்டின் பழைய ரிவெட்டுகளும் பச்சை பூத்த முனைகளும் இன்னொரு 0.3 வோல்ட்டை விழுங்கும். ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்தால் 14.2 காட்டும், பேட்டரியில் 13.4. ரெகுலேட்டர் தன் முனையில் உள்ள 14.2ஐ மட்டும் பார்த்து, வேலை முடிந்தது என்று அடங்கிவிடும். பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடு கிடக்கும். வயரில் இழந்த ஆற்றல் முழுவதும் அதன் பழைய உறைக்குள் வெப்பமாக மாறுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே 97 இழை, 7 சதுர மில்லிமீட்டர், 50 ஆம்பியர் தாங்கும் புது வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகச் சோலனாய்டின் பேட்டரி முனைக்கு இழுங்கள். சோலனாய்டு பக்கத்தில் ஒரு 50 ஆம்பியர் ஃபியூஸ். பெரும் ஷார்ட் மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் வரும். ஃபியூஸின் இடம் அந்த முனைதான். கட்அவுட் பெட்டியை எடுக்க வேண்டாம். வண்டியின் தோற்றம் அப்படியே இருக்கட்டும். ஆனால் சார்ஜிங் மின்சாரம் அதன் வழியே போகக் கூடாது. டேஷ்போர்டில் அம்மீட்டர் சேர்த்திருந்தால் அதற்கும் இதே விதி, வோல்ட்மீட்டரே நல்லது. முழு லோடில் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சின் எர்த் பட்டையை மாற்றாமல் வண்டியை விடாதீர்கள்.

பாசிடிவ் எர்த்தை நெகடிவாக மாற்றுவதில் வரிசை தவறினால் டையோடுகள் நொடியில் போய்விடும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே திருப்பி வைத்து இணைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் துருவம் ஒரு பொருட்டல்ல. இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் பிளக்கில் பொறி விழ அதிக மின்னழுத்தம் தேவைப்பட்டு, அழுத்தி ஓட்டும்போது மிஸ்ஃபயர் ஆகும். எஸ்யு பெட்ரோல் பம்பை உள்ளே திறந்து பாருங்கள். பொறியை அடக்க டையோடு வைத்த பம்பு என்றால் துருவம் மாறியதும் அது கெட்டுவிடும். பழைய ரேடியோ இருந்தால் உரிமையாளரைக் கேட்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

சார்ஜ் விளக்கைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரின் காயிலை முதலில் எழுப்புகிறது. வேலையற்றுப்போன பழைய எஃப் வயரை கட்அவுட் பக்கத்தில் பல்பு வயரோடு சேர்த்து, மறுமுனையை ஆல்டர்னேட்டரின் விளக்கு முனையில் மாட்டினால் போதும். புது வயர் தேவையில்லை. பின்னால் யாராவது அந்தப் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டால், ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும்வரை சார்ஜ் தொடங்காது. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும்.

இன்றைய கார்களிலிருந்து கழற்றிய 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று மைனரில் போடுவதை நாம் ஏற்கவில்லை. வண்டிக்கு அவ்வளவு தேவையே இல்லை. பேட்டரி இறங்கிய காலையில் அது முழுவதையும் கொடுக்கப் பார்க்கும். ஒற்றை ஒல்லி பெல்ட் வழுக்கும், தண்ணீர் பம்பின் பேரிங் தேயும். 35 முதல் 45 ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரி அருகிலும் கட்அவுட் மூடியின் உட்புறத்திலும் "நெகடிவ் எர்த், ஆல்டர்னேட்டர்" என்று தேதியோடு எழுதி ஒட்டுங்கள். மைனர் என்றாலே பாசிடிவ் எர்த் என்று நினைத்து, அவசரத்தில் ஜம்பர் வயரைத் தலைகீழாக மாட்டுபவர் நம் தொழிலில் அனுபவம் உள்ளவராகத்தான் இருப்பார். மாற்றிய வயரிங்கைக் கையால் வரைந்த படமும், கழற்றிய டைனமோவும் உரிமையாளரிடம் போக வேண்டும். நாளை யாராவது டைனமோவைத் திரும்ப மாட்டினால் அதற்கு மறுபடி துருவம் ஏற்ற வேண்டும் என்பதையும் அந்தப் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.

ஆல்டர்னேட்டருக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் வயருக்கும் கூலிக்கும் பேரம் பேசுவார். அதற்கு இடங்கொடுத்துப் பழைய வயரையே விட்டுவைத்தால், திரும்பி வரும் வண்டிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். பில்லில் வயர், ஃபியூஸ், எர்த் பட்டை, மாற்றிய இணைப்புகள், முழு லோடில் அளந்த வோல்ட் அளவுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வயரை மாற்ற ஒப்புக்கொள்ளாத வண்டியில் ஆல்டர்னேட்டர் போட மறுத்துவிடுங்கள்; அதன் டைனமோவைச் சரிசெய்து அனுப்புங்கள்.