ஒற்றைத் துகளின் பிரதாபம்

ஹெர்மிஷியன் அல்லாத குவாண்டம் இயற்பியலுக்கு எந்த அறிமுகக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே கதைதான். வரிசையாக இடங்கள், துகள் வலப்பக்கம் தாவுவது சுலபம், இடப்பக்கம் கஷ்டம். 1996இல் ஹடானோவும் நெல்சனும் எழுதிய மாதிரி இது. முனைகள் திறந்திருந்தால் எல்லா நிலைகளும் வலது ஓரத்தில் போய்க் குவியும். 2018க்குப் பிறகு இதன் பெயர் 'தோல் விளைவு'. படம் பிரமாதமாக வரும். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது ஒரே ஒரு துகள்! என் சண்டை அதோடுதான். ஆய்வேடுகளில் பலதுகள் வேலை நடக்கத்தான் செய்கிறது, அறிமுகங்களில் காணோம்.

வழக்கமான கணக்கில் துகள் காணாமல் போகாது. கசிவும் சிதைவும் உள்ள இடங்களில் அந்த நிபந்தனையைத் தளர்த்துகிறோம். ஆற்றல் கலப்பெண் ஆகிறது. ஆல்ஃபா சிதைவுக்காகக் காமவ் 1928இலேயே செய்ததுதான்.

சரி, இன்னும் சில துகள்களை உள்ளே விடுங்கள். ஃபெர்மியான்கள் ஒரே இடத்தில் இரண்டு இருக்காது. நூறு இடத்தில் ஐம்பதைப் போட்டால் ஓரத்தில் மலை குவியாது. வலது பாதி நிரம்பும், அவ்வளவுதான். இதற்கு மோதல்கூட வேண்டாம்.

மோதினால் இன்னும் வினோதம். 2008இல் ஜெர்மனியின் கார்சிங்கில் வெளியான பரிசோதனை: ரூபிடியம் மூலக்கூறுகளை ஒற்றைப் பரிமாணக் குழாய்களில் அடைத்தார்கள். இரண்டு மோதினால் இரண்டும் பொறியிலிருந்து காலி. கணக்கில் இது மோதல் வலிமையின் கற்பனைப் பகுதியாக வரும். அப்படியானால் எல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோக வேண்டுமே? இல்லை. இழப்பு அவ்வளவு கடுமையாக இருந்ததாலேயே மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒதுங்கிப் போயின, இழப்பு குறைந்தது. போசான்கள் ஃபெர்மியான் மாதிரி நடந்துகொண்டன. ஒற்றைத் துகளை ஆயுள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் இது தெரியவராது.

"மின்சுற்றிலேயே செய்து காட்டிவிட்டோமே" என்பார்கள். காட்டியது உண்மை. ஆனால் அங்கே ஓடுவது மரபான அலை. சமன்பாடு ஒத்துப்போகிறது என்பதற்காக அதைக் குவாண்டம் என்று அழைப்பானேன்?

இன்னொன்றை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கசிகிற அமைப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவது, ஒரு துகளும் கசியாத ஓட்டங்களுக்கு மட்டும். மற்றதைக் கழித்துக்கட்ட வேண்டும். ஒரு துகள் தங்க 90 சதவீத வாய்ப்பு என்றால் பரவாயில்லை. தனித்தனியே கசியும் நூறு துகளும் மொத்தமாகத் தங்க? லட்சம் முறை ஓட்டினால் சுமார் மூன்று முறை. மீதி ஓட்டங்களையும் சேர்த்துச் சொல்ல லிண்ட்பிளாட் சமன்பாடு 1976லிருந்து இருக்கிறது. கொஞ்சம் கனமானது, படம்தான் அழகாக வராது.