குணமாகாதவரின் விசுவாசம்

போதிய விசுவாசம் இருந்தால் நோய் நீங்கும், கடன் அடையும், வேலை அனுமதி நீட்டிக்கப்படும், நிரந்தரவாசமும் கைகூடும். கேட்டது கிடைக்கவில்லை என்றால் கேட்டவரின் விசுவாசத்தில்தான் குறை. சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலரிடம் இந்தக் கருத்து வேரூன்றிவிட்டது. மேடையில் முழங்கும்போதுகூட இது அவ்வளவு காயப்படுத்துவதில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர் வாயிலிருந்து மென்மையாக வரும்போதுதான் ஆழமாகத் தைக்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவரிடம் “இன்னும் உறுதியா விசுவாசிங்க” என்று சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். படுத்திருப்பவருக்கோ, தன் நோய்க்குத் தானே காரணம் என்று கேட்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுவாசிகளில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இத்தனை பேரின் உயிர்நாடியான ‘விசுவாசம்’ என்ற சொல், நோயாளியைக் குற்றவாளியாக்கும் சொல்லாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இந்தக் கருத்து வேதத்தோடும் ஒத்துப்போகவில்லை, இந்தத் தீவின் திருச்சபை வரலாற்றோடும் ஒத்துப்போகவில்லை.

இதற்கு முதல் ஆதாரமாகக் காட்டப்படுவது சாட்சி. ஞாயிறு ஆராதனையில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சாட்சி சொல்பவர்களின் உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஸ்கேனில் தெரிந்த கட்டி மறுமுறை தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரோடு சேர்ந்து நன்றி சொல்லலாம். ஆனால் கட்டி மறையாதவரும் அதே உபவாச ஜெபத்தில் இருந்தார், அவர் நெற்றியிலும் அதே எண்ணெய் பூசப்பட்டது, அவருக்காகவும் அதே ஆயர் முழங்காலிட்டார். அவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. கிடைத்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘விசுவாசித்தால் கிடைக்கும்’ என்று முடிவுகட்டுவது எந்த விதத்தில் நியாயம்? தாம்சன் சாலையில் உள்ள நொவினா தேவாலயத்தில் சனிக்கிழமை நவநாள் வழிபாட்டில் நன்றிக் கடிதங்களோடு விண்ணப்பக் கடிதங்களும் வாசிக்கப்படுகின்றன. பெற்றவரின் குரலும் காத்திருப்பவரின் குரலும் ஒரே கூட்டத்தில் ஒலிக்கும் அந்த வழக்கத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகத் திறக்கப்பட்ட லூர்து மாதா ஆலயத்தையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயருக்குக் காரணமான பிரான்சின் லூர்து நகரில் குணமடைந்ததாகப் பதிவானவர்கள் 7,000 பேருக்கு மேல். திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். லூர்தின் ஊற்றைத் தோண்டிய பெர்நதெத்தே ஆஸ்துமாவாலும் காசநோயாலும் வாடி 1879இல், 35 வயதில் இறந்துபோனார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

வேதத்துக்கு வருவோம். விசுவாச வீரர்களின் பட்டியல் என்று போற்றப்படும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றன. ராஜ்யங்களை வென்றவர்களும் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் வருகிற இடத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதிகாரமோ மேலே போகிறது: வதைக்கப்பட்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுக்கப்பட்டவர்கள், ஆட்டுத்தோல் போர்த்திக் குகைகளில் அலைந்தவர்கள். இவர்களும் விசுவாசத்தால் நற்சாட்சி பெற்றவர்களே, ஆனால் வாக்களிக்கப்பட்டதை அடையவில்லை என்று ஆசிரியர் கூசாமல் எழுதுகிறார். பவுல் தம் உடலில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார், நீங்கவில்லை. மிலேத்துவில் துரோப்பீமுவை நோயோடு விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதுகிறார். வயிற்றுக் கோளாறால் அடிக்கடி அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்கு, விசுவாசத்தைக் கூட்டச் சொல்லாமல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். சூளைக்கு முன்னால் நின்ற மூன்று எபிரெய வாலிபர்கள், தேவன் தங்களை விடுவிக்காமல் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்தப் ‘போனாலும்’ இல்லாமல் அவர்களுடைய விசுவாசத்தைப் புரிந்துகொள்ள முடியாது. விளைவு தெரிவதற்கு முன்பே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுமொழி உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது என்று இயேசுவே சொன்னாரே, கடுகளவு விசுவாசம் மலையையும் பெயர்க்கும் என்றாரே? சொன்னார்தான். ஆனால் அவர் குணமாக்கிய எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் இயேசு கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்துத்தான். பெதஸ்தா குளக்கரையில் 38 ஆண்டுகள் நோயோடு கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது. தம்மைக் கைதுசெய்ய வந்த கூட்டத்தில் காது வெட்டுண்டவனிடம் அவர் எதையுமே எதிர்பார்க்கவில்லை. லாசரு இறந்தே போயிருந்தான். ஆக, அளவு கூடினால் பலன் கூடும் என்ற கணக்கு சுவிசேஷங்களிலேயே சரிவரவில்லை. கடுகு உவமையும் அளவை அற்பமாக்கத்தானே சொல்லப்பட்டது? மகனுக்காக வந்த தகப்பன் தன் அவிசுவாசத்துக்கும் சேர்த்து உதவி கேட்டான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அவரே கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், நீங்கவில்லை. ஆகவே சுகத்துக்காக ஜெபிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. கேட்பதும் விசுவாசம்தான். கிடைக்காதபோது கேட்டவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதைத்தான் மறுக்கிறேன்.

மருந்தை நாடுவது அவிசுவாசம் என்பது இதே கருத்தின் இன்னொரு முகம். இதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. 1913இல் ஆங்கிலிக்கன் பேராயரின் மனைவியும் மருத்துவருமான ஷார்லட் ஃபெர்கசன்-டேவி பென்கூலன் தெருவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு மருந்தகம் தொடங்கினார். அதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனையாக வளர்ந்தது. வேலூரில் மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடர் செய்ததும் இதே வேலைதான். விசுவாசம் இவர்கள் கையில் மருந்துப் புட்டியைக் கொடுத்தது.

ஆனால் இந்த வாதத்தின் மையம் லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரே ஒரு எம்ஆர்டி நிறுத்தம் தள்ளி, தோபி காட் அருகே இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் அங்கிருந்த ஒய்எம்சிஏ கட்டடம் கெம்பெய்த்தாய் ராணுவப் போலீசின் வதைக்கூடமானது. 1943 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய ‘இரட்டைப் பத்து’ கைதுகளில் 57 பேர் பிடிபட்டார்கள். 15 பேர் மடிந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன். நாள்கணக்கில் கயிறுகளால் அடித்தார்கள். இன்னுமா கடவுளை நம்புகிறாய் என்று கேட்டார்கள். ஆம் என்றார். அப்படியானால் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டார்கள். காப்பாற்றுகிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, தாங்கும் ஆவியைக் கொடுத்து என்று பதில் சொன்னதாக 1946இல் பிபிசி வானொலி உரையில் வில்சன் நினைவுகூர்ந்தார். அடித்தவர்களின் கேள்விக்குள் இருந்த இறையியலைக் கவனியுங்கள்: கடவுள் உண்மையானால் வலி நிற்க வேண்டும். இன்று நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசப்படுவதும் அதே இறையியல்தான். வில்சன் பிழைத்ததால் அவருடைய விசுவாசம் வென்றது என்றும் நான் வாதாடவில்லை. அப்படிச் சொன்னால் மடிந்த 15 பேரைத் தோற்றவர்கள் ஆக்கிவிடுவோம். அடி விழுந்துகொண்டிருந்தபோதே அவர் விசுவாசம் முழுமையாக இருந்தது. போருக்குப் பின் தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்கே அவர் திடப்படுத்தல் என்னும் திருச்சபைச் சடங்கை நடத்திவைத்தார்.

எந்த விளைவாலும் பொய்ப்பிக்க முடியாத விசுவாசத்துக்கு என்ன பொருள் என்று பகுத்தறிவாளர் கேட்பார். நியாயமான கேள்வி. யாக்கோபின் நிருபம் அதற்கு அன்றே பதில் எழுதிவிட்டது: செயலில்லாத விசுவாசம் செத்தது. விசுவாசத்தைச் சோதிக்கலாம். வலி வந்தபோது விசுவாசி யாரைக் காட்டிக்கொடுத்தார், யாரை வெறுத்தார், யாரை மன்னித்தார் என்று பார்த்தால் போதும். வங்கிக் கணக்கையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் பார்க்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு தடை; என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்து தமிழ் ஆராதனையில் உட்காரும் தொழிலாளிக்கு, உன் நிலைமை மாறும் என்ற வாக்கு தவிர வேறு என்ன இருக்கிறது, அதையும் பறிப்பதா? நம்பிக்கையைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் விதைக் காணிக்கை கொடுத்தால் பெருகி வரும் என்று சொல்லி, வராதபோது உன் விசுவாசம் போதாது என்பது அவன் தலையில் இரண்டாவது கடனை ஏற்றுவதாகும். முதல் கடனுக்காவது ஒரு முடிவு உண்டு. அவனுக்குச் சபை கொடுக்கக்கூடியவை வேறு: சம்பளப் பாக்கிக்குப் புகார் எழுத உதவும் ஒரு கை, காயம்பட்டால் கூடவே கிளினிக்குக்கு வரும் ஓர் ஆள், அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் நாலு பேர்.

சபைகளுக்கு நான் வைக்கும் கோரிக்கையும் ஒன்று உண்டு. அடுத்த சாட்சி வேளையில், குணமாகாதவருக்கும் ஒலிவாங்கியைக் கொடுங்கள். கேட்டது கிடைக்காத பின்னும் ஏன் இன்னும் இங்கே வந்து உட்காருகிறார் என்று அவர் சொல்லட்டும். எபிரெயர் 11இன் இறுதிப் பகுதி அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான்.